வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்: குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அரசு நிதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற வளாகத்துச் சட்ட உதவி மையத்தில் நான் சட்டத் தன்னார்வலராக இருக்கிறேன். பாலியல் வன்முறை, அமில வீச்சு, கொலை, கொடுங்காயம் என்று ஏதோ ஒன்று வீட்டுக்குள் புகுந்துவிட்ட பிறகு வந்து நிற்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறேன். பெரும்பாலோர் தாமதமாகத்தான் வருகிறார்கள். மருத்துவச் செலவுக்கு நகையை அடகு வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து, "ஏதோ பணம் தருவார்களாமே" என்று தயங்கிக் கேட்கிறார்கள். முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டியது அது. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியது. மத்தியச் சட்டங்கள் பற்றிய பகுதிகள் மற்ற மாநிலங்களுக்கும் பொருந்தும்.

குற்றம் செய்தவன் எவனோ. அரசு ஏன் நமக்குப் பணம் தர வேண்டும்?

குடிமக்களைக் காப்பது அரசின் பொறுப்பு. அது தவறும்போது, காயப்பட்டவரை மீண்டும் எழுந்து நிற்க வைப்பதும் அரசின் பொறுப்பே. குற்றவாளியிடம் அபராதம் வசூலித்து அதிலிருந்து கொடுப்பது பழைய முறை. குற்றவாளி ஏழையாக இருந்தாலோ, பிடிபடாவிட்டாலோ, விடுதலையானாலோ அதில் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றுமே கிடைக்காது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2008-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி 357-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2009 டிசம்பர் 31 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. அதில் இது 396-வது பிரிவு. பிரிவு எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் எண்ணைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைக்கும் பதில் வேறு மாதிரி இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?

முதன்மையாக மாநில அரசின் நிதியிலிருந்து. ஒவ்வொரு மாநிலமும் ஓர் இழப்பீட்டுத் திட்டம் வகுத்து அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டின் திட்டம் 2013-ல் வந்தது. தொகையை முடிவு செய்வது, இலவசச் சட்ட உதவிக்காக அமைந்த மாநில, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள்.

இதற்குப் பின்னால் மத்திய அரசின் நிர்பயா நிதி இருக்கிறது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த சம்பவத்துக்குப் பிறகு 2013 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாயில் தொடங்கப்பட்டது; செலவாகாத தொகை ஆண்டு முடிவில் காலாவதி ஆகாது. மாநிலங்களின் இழப்பீட்டுத் திட்டங்களுக்குக் கைகொடுக்க அதிலிருந்து 200 கோடி ரூபாய் ஒரே தவணையாக வழங்கப்பட்டது. ஒருங்கிணைந்த சேவை மையங்கள், 181 உதவி எண், 112 அவசர எண், காவல் நிலைய மகளிர் உதவி மேசைகள், போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) விரைவு நீதிமன்றங்கள் ஆகியவற்றுக்கும் இந்த நிதிதான் ஊற்றுக்கண்.

பெண்களுக்கு மட்டும்தானா? என் தம்பியை வெட்டிவிட்டார்கள், அவனுக்குக் கிடைக்காதா?

கிடைக்கும். 396-வது பிரிவு ஆண், பெண் என்று பிரிப்பதில்லை. குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்து மறுவாழ்வு தேவைப்படும் எவரும், இறந்துவிட்டால் அவரை நம்பியிருந்தவர்களும், மாநிலத் திட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். தம்பியின் வருமானத்தில் குடும்பம் நடந்தது என்றால் அதையும் மனுவில் எழுதுங்கள்.

பெண்களுக்கென்று தனியாக 2018-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு திட்டம் வகுத்தது. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு அதே ஆண்டு அக்டோபர் 2 முதல் நாடெங்கும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் தொகைகளும் கூடுதல், காலக்கெடுவும் தெளிவு. இனிமேல் "2018 திட்டம்" என்று நான் சொல்வது இதைத்தான்.

இரவு பதினொரு மணிக்கு நடந்தது. அந்த நேரத்தில் எங்கே போவது?

ஆபத்து நீங்கவில்லை என்றால் 112. உடனடி ஆபத்து இல்லை, ஆனால் போக இடமில்லை என்றால் 181. உங்கள் மாவட்டத்தின் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தோடு 181-ல் இணைத்துவிடுவார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் முழுவதும் மத்திய அரசின் நிதியில் நடக்கும் மையங்கள் இவை. முதலாவது ராய்ப்பூரில் திறக்கப்பட்டது. மருத்துவ உதவி, காவல்துறை உதவி, உளவியல் ஆலோசனை, சட்ட உதவி, ஐந்து நாள்வரை தற்காலிகத் தங்கல் ஆகியவை ஒரே கூரையின்கீழ் கிடைக்கும். கணவன் அடித்தான் என்றாலும் போகலாம். முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்., காவல்துறை வழக்குப் பதிவு செய்ததற்கான ஆவணம்) இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். மையம் கையில் பணம் தராது. பணத்துக்கான மனுவை எழுதவும் உரிய இடத்தில் சேர்க்கவும் துணை நிற்கும். "மையத்துக்குப் போனேன், ஒரு ரூபாய்கூடத் தரவில்லை" என்று மனம் உடைந்து வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மனு போட வேண்டிய இடம் வேறு என்பதை யாராவது அவர்களுக்கு அன்றே சொல்லியிருந்தால் அந்த ஏமாற்றம் இருந்திருக்காது.

தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டினால்தான் சேர்ப்போம் என்கிறார்கள். என்ன செய்வது?

பாலியல் வன்முறை, அமில வீச்சு, குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவருக்கு எல்லா மருத்துவமனைகளும், அரசு தனியார் வேறுபாடின்றி, உடனடியாக இலவசமாக முதலுதவியோ சிகிச்சையோ தர வேண்டும். காவல்துறைக்கும் தெரிவிக்க வேண்டும். இது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு. மறுத்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 200-வது பிரிவின்படி ஓராண்டுவரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வரவேற்பு மேசையில் இந்த இரண்டு எண்களையும் அமைதியாகச் சொல்லுங்கள். அப்போதும் மறுத்தால் அவர்களை எழுதித் தரச் சொல்லிவிட்டு 112-ஐ அழையுங்கள்.

வெட்டு, குத்து, தீக்காயம் போன்றவற்றுக்கு 396-வது பிரிவிலேயே வழி இருக்கிறது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ அந்தப் பகுதி நீதித்துறை நடுவரோ (மாஜிஸ்திரேட்) சான்று தந்தால், இலவச முதலுதவிக்கும் மருத்துவ வசதிக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு உத்தரவிடலாம். எந்த மருத்துவமனையானாலும் விபத்துப் பதிவேட்டு நகல், வீடு அனுப்பும்போது தரும் சுருக்க அறிக்கை, மருந்துக் கடை ரசீதுகள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். பின்னால் எல்லாமே அந்த உறையைச் சார்ந்துதான் நடக்கும்.

காவல் நிலையத்தில் புகார் வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தந்தார்கள். அது போதும்தானே?

அந்த ரசீதை எடுத்துப் பாருங்கள். சி.எஸ்.ஆர். என்று இருந்தால் உங்கள் மனு பதிவேட்டில் ஏறியிருக்கிறது என்று மட்டுமே பொருள். முதல் தகவல் அறிக்கை அது அல்ல. எங்கள் மையத்துக்கு வருபவர்களில் மிகப் பலர் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கை இழக்கிறார்கள். கையில் முத்திரையிட்ட காகிதம் இருப்பதால் வழக்கு நடக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவின்படி குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். பதிவான தகவலின் நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதிலும் அசைவு இல்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனு போடலாம். அந்த மனுவை எழுத எங்கள் மையத்தைப் போன்ற இடங்களில் கட்டணம் இல்லை.

மனு எங்கே கொடுக்க வேண்டும்? வக்கீல் வைக்க என்னிடம் பணம் இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. அதன் செயலாளர் பெயருக்கு மனு. வட்ட அளவில் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் போய் வழி கேட்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால் இலவசமாக அமர்த்தித் தருவார்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை என்கிறது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம்.

இணைக்க வேண்டியவை: முதல் தகவல் அறிக்கை அல்லது நீதிமன்றத்தில் கொடுத்த புகாரின் நகல், மருத்துவ அறிக்கை இருந்தால் அது, மரணம் என்றால் இறப்புச் சான்று, அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். மனுவில் உங்கள் தேவையை எழுதுங்கள். வேலைக்குப் போக முடியவில்லை, பள்ளி மாற வேண்டும், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்பவை எல்லாம் தொகையை முடிவு செய்பவர் அறிய வேண்டியவை. நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தீர்ப்பு வந்த பிறகுதானே பணம்? இப்போதே கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே இந்தக் கேள்விதான். இழப்பீடு என்ற சொல்லைக் கேட்டதும் வழக்கில் ஜெயித்தவருக்குக் கடைசியில் கிடைக்கும் தொகை என்று எல்லோரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. வழக்கு பல ஆண்டு ஓடலாம். பசியும் புண்ணும் அதுவரை காத்திருக்காது. அதனால்தான் சட்டத்தில் இடைக்கால நிவாரணம் என்று தனியாக வைத்திருக்கிறார்கள். குற்றம் நடந்திருப்பதற்கும் உடனடித் தேவைக்கும் முதல்நோக்கில் ஆதாரம் இருந்தாலே இடைக்கால நிவாரணம் தருவது நீதிமன்றங்களின் கடமை, அதை யாரும் கேட்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரியானா வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது.

2018 திட்டம் இன்னும் துல்லியமாகப் பேசுகிறது. மனு வந்தவுடன் 5,000 ரூபாய், தேவைக்கேற்ப 10,000 வரை, முன்பணம் ஏற்றிய வங்கி அட்டை மூலம் தர வேண்டும். அடுத்து வரும் இடைக்கால நிவாரணம், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தொகையில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. பாலியல் வன்கொடுமைக்கு அதிகபட்சம் 7 லட்சம். ஆக 1,75,000 ரூபாயாவது முன்னதாகவே கைக்கு வர வேண்டும். அமில வீச்சு என்றால் விஷயம் தெரிந்த 15 நாளுக்குள் ஒரு லட்சம், அடுத்த இரண்டு மாதத்துக்குள் இன்னும் இரண்டு லட்சம். அமில வீச்சுக்கு ஆளான லட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. மனு மீதான இறுதி விசாரணைக்கும் இரண்டு மாதம்தான் கெடு.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். இத்தகைய வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவானவுடன் அதன் நகலைக் காவல் நிலையமே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும், ஆணைக்குழு தானாகவே சரிபார்ப்பைத் தொடங்கலாம் என்கிறது 2018 திட்டம். நடைமுறையில் அந்தக் காகிதம் எங்கோ தேங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். அதை நம்பி உட்கார வேண்டாம். மனுவில் "இடைக்கால நிவாரணம் கோருகிறேன்" என்ற வரியைத் தனியாக எழுதுங்கள். அந்த வரி இல்லாத மனு இறுதித் தொகைக்கான வரிசையில் போய் நின்றுவிடுகிறது.

மொத்தத்தில் எவ்வளவு கிடைக்கும்?

2018 திட்டத்தின்படி பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம். கூட்டு வன்கொடுமைக்கும் உயிரிழப்புக்கும் 5 முதல் 10 லட்சம். அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம். பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பட்டியல் தொகையைவிடப் பாதி மடங்கு கூடுதல். அமில வீச்சில் பாதிக்கப்பட்டவருக்குப் பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து கூடுதலாக ஒரு லட்சம் கிடைக்க வழி இருக்கிறது. அதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆண்கள் விண்ணப்பிக்கும் மாநிலத் திட்டத்துக்குத் தனி அட்டவணை உண்டு, தொகைகள் இதைவிடக் குறைவாக இருக்கும்.

பாதிக்கப்பட்டது என் எட்டு வயது மகள். அவளுக்கு என்ன வழி?

இங்கே வழி இன்னும் சுருக்கமானது, வேகமானது. போக்சோ வழக்கில் காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைக்கு அந்தக் குழு பரிந்துரைத்தால், ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் ஆட்டோ கட்டணமும் இதில் வரும். மிகச் சிலரே இதைக் கேட்கிறார்கள்.

பெரிய தொகைக்குச் சிறப்பு நீதிமன்றம். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும், யாரும் கேட்காமல்கூட, நீதிபதி இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அரசு செலுத்த வேண்டும். குழந்தைக்கு ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படியும் குழந்தைகள் நலக் குழுவிடம் கேளுங்கள். விசாரணை முடியும்வரை கூடவே வரும் ஒருவர் இருப்பது, பணத்தைவிடப் பெரிய உதவி என்று தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் பட்டியல் சாதி. கலெக்டர் அலுவலகத்தில் தனியாகத் தருவார்களாமே? இரண்டும் வாங்கலாமா?

அது பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் நிவாரணம். 2016-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 ரூபாய் முதல் 8,25,000 வரை. கொலை என்றால் உடற்கூறாய்வு முடிந்தவுடன் பாதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் மீதி. மற்ற குற்றங்கள் பலவற்றில் முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு என மூன்று தவணை. உடனடி நிவாரணத்தை ஏழு நாளுக்குள் மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் முதல் தகவல் அறிக்கையில் அந்தச் சட்டத்தின் பிரிவுகள் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்க்கவில்லையென்றால் முதல் போராட்டம் அதற்காகத்தான்.

இந்த நிவாரணம், வேறு சட்டங்களின்கீழ் இழப்பீடு கேட்கும் உரிமையோடு கூடுதலாகத் தரப்படுவது என்று அந்த விதிகளே சொல்கின்றன. ஆக, இரண்டு இடத்திலும் மனு போடலாம். ஓரிடத்தில் வாங்கியதை மற்றோர் இடத்தில் மறைக்காதீர்கள். தொகையை முடிவு செய்யும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள், மறைத்தது தெரிந்தால் உங்கள் சொல்லின் மீது நம்பிக்கை போய்விடும்.

பணம் வந்தது. ஆனால் வங்கியில் எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்!

பயப்பட வேண்டாம். 2018 திட்டத்தின்படி இறுதித் தொகையில் 75 விழுக்காடு குறைந்தது மூன்றாண்டு வைப்புத்தொகையாகப் போடப்படும். 25 விழுக்காட்டை உடனே பயன்படுத்தலாம். சிறார் என்றால் 80 விழுக்காடு, பதினெட்டு வயது நிரம்பும்வரை வைப்பில் இருக்கும். வட்டி மாதந்தோறும் சேமிப்புக் கணக்குக்கு வரும். உறவினர்கள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க வைத்த பூட்டு இது. அந்தப் பூட்டு எத்தனை பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அறுவைச் சிகிச்சை, கல்லூரிக் கட்டணம் போன்ற அவசரம் வந்தால் முன்னதாக எடுக்கலாம். வங்கியோடு வாதாடிப் பயனில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குக் காரணத்தையும் ரசீதையும் வைத்து மனு கொடுங்கள். அனுமதிக்கும் அதிகாரம் அவருக்குத்தான்.

செய்தவன் யாரென்றே தெரியவில்லை. இன்னொரு வழக்கில் பிடித்தவனை விடுதலை செய்துவிட்டார்கள். அவ்வளவுதானா?

இரண்டு நிலையிலும் உரிமை உயிரோடுதான் இருக்கிறது. குற்றவாளி அடையாளம் தெரியாமல் விசாரணையே நடக்காவிட்டாலும் 396-வது பிரிவின் நான்காம் உட்பிரிவின்கீழ் நேரடியாக ஆணைக்குழுவிடம் கேட்கலாம். விடுதலையில் முடிந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கருதினால் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். குற்றம் நடந்தது உண்மை என்பதும், செய்தது இவன்தான் என்று நிரூபிக்க முடியவில்லை என்பதும் வெவ்வேறு விஷயங்கள். தீர்ப்பு நாளில் உங்கள் தரப்பு வக்கீல் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

எதிர்த்தரப்பு பத்து லட்சம் தருகிறோம், வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்கிறது. அரசு தருவதைவிட அது அதிகமாயிற்றே?

இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் ஒருபோதும் கடிந்துகொள்வதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது எவருக்கும் இந்த எண்ணம் வரும். ஆனால் சட்டத்தின் நிலையைச் சொல்லியாக வேண்டும். பாலியல் வன்கொடுமையும் போக்சோ குற்றங்களும் சமரசத்தில் முடிக்கக்கூடியவை அல்ல. குழந்தை மீதான பாலியல் குற்ற வழக்கைச் சமரசம் ஆகிவிட்டது என்ற காரணத்தால் ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் உறுதியாகச் சொன்னது. ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்கும் காகிதம் வழக்கை முடிக்காது. சாட்சியை மட்டும் முடித்துவிடும்.

அரசு நிதிக்கு வாயை மூட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. மாறாக, விசாரணைக்கு ஒத்துழைக்க வேண்டும் என்று பல மாநிலத் திட்டங்கள் எதிர்பார்க்கின்றன. இடைக்கால நிவாரணம் சீக்கிரம் கிடைத்த வீடுகளில் இந்தப் பேரத்துக்குப் பணிபவர்கள் குறைவு என்பது என் அனுபவம். மிரட்டல் வந்தால் தேதி, நேரம், பேசியவர் யார் என்று எழுதி வைத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடமும் நீதிமன்றத்திலும் சொல்லுங்கள்.

மனு போட்டால் பெயர் வெளியே வந்துவிடாதா? பெண்ணுக்கு நாளை கல்யாணம் ஆக வேண்டும்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்கீழ் குற்றம். குழந்தை என்றால் போக்சோவின் 23-வது பிரிவும் சேரும். இழப்பீட்டுக் கோப்புக்கும் இதே காப்பு உண்டு. அலுவலகத்தில் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டால், "தனியறையில் பேச வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கூடவே இன்னொரு கேள்வியும் எப்போதும் தாழ்ந்த குரலில் வரும்: பணம் வாங்கினால் மானத்துக்கு விலை வாங்கியதாகாதா? ஆகாது, அம்மா. வெள்ளத்தில் வீடு போனவருக்கு அரசு நிவாரணம் தருகிறது. அதை எவரும் வீட்டுக்கு விலை என்று சொல்வதில்லை.

நடந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. நாங்கள் இருப்பதும் வேறு மாநிலம்.

2018 திட்டத்தில் கெடு, சம்பவம் நடந்த நாளிலிருந்தோ வழக்கு முடிந்த நாளிலிருந்தோ மூன்றாண்டு. ஆகவே வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் நேரம் இருக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கவும் இடமுண்டு. மருத்துவச் சிகிச்சை, மிரட்டல், ஊரை விட்டுப் போனது என எது காரணமோ அதை மறைக்காமல் எழுதுங்கள்.

பொறுப்பு, குற்றம் நடந்த மாநிலத்துடையது. திருப்பூரில் வேலை செய்த ஒடிசாப் பெண்ணுக்குத் திருப்பூர் மாவட்ட ஆணைக்குழுதான். ஊருக்குத் திரும்பிவிட்டால் அங்குள்ள ஆணைக்குழுவிடம் உதவி கேட்டு இங்கே மனு அனுப்பலாம்.

சாலை விபத்தும் இதில் வருமா?

அதற்கு மோட்டார் வாகனச் சட்டமும் தீர்ப்பாயமும் தனியாக உள்ளன. மோதிவிட்டு நிற்காமல் போன வண்டி எது என்று தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும்.

எங்கள் தொண்டு நிறுவனம் நிர்பயா நிதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாமா?

நிர்பயா நிதிக்கான திட்டங்களை மத்திய அமைச்சகங்களும் மாநில அரசுகளும்தான் முன்வைக்கின்றன. அதிகாரமளிக்கப்பட்ட குழு ஒன்று பரிசீலித்துப் பரிந்துரைக்கிறது. உங்கள் யோசனையை மாநிலச் சமூக நலத் துறை வழியாகக் கொண்டுபோக வேண்டும். கையில் நல்ல ஆட்கள் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது: போக்சோ வழக்குகளில் ஆதரவு நபர்களாகவும், ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களாகவும் அவர்களைப் பதிவு செய்யுங்கள். மனு எழுதத் தெரிந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் எப்போதும் பற்றாக்குறைதான்.

மனுவை நிராகரித்துவிட்டார்கள். இன்னொருவருக்குப் பதிலே வரவில்லை. அடுத்து?

நிராகரித்தாலும், தொகை குறைவு என்று பட்டாலும், உத்தரவு நகல் கிடைத்த 30 நாளுக்குள் மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவில் காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மருத்துவ அறிக்கை இல்லை என்பது போன்ற குறையாக இருந்தால், முன்னே சொன்ன உறையிலிருந்து எடுத்து இணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பதிலே இல்லையென்றால், இரண்டு மாதக் கெடுவை நினைவூட்டி முத்திரையிட்ட நகலை இணைத்து ஒரு கடிதம் எழுதுங்கள். அடுத்து, மனு எந்த நிலையில் உள்ளது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. உயர் நீதிமன்றத்திலும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, அங்கேயும் வக்கீல் இலவசம்.

இவ்வளவும் நினைவில் நிற்காது. எண்களை மட்டும் சொல்லுங்கள்.

ஆபத்து என்றால் 112. பெண்களுக்கு 181. குழந்தைகளுக்கு 1098. இலவசச் சட்ட உதவிக்கு 15100. தூக்கம் போய்விட்டது, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால் எந்த நேரத்திலும் டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, விபத்துப் பதிவேட்டு நகல் இருக்கும் அந்த உறையின் மேலேயே ஒட்டி வையுங்கள்.